நடுவீட்டுக்கு வந்த மீனவர் நாய்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் போகாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. பிறவிக் குணத்தை மாற்ற முடியாது என்பதே அதன் உட்பொருள். இப்பழமொழியை வகுத்தவர்கள் நாயை அறியாதவர்கள் அல்லர். சங்க இலக்கியத்திலே வேட்டுவரோடு காடேகும் நாய், ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் பெற்று நிற்கின்றது. ஆனால் அந்த நாய் முற்றத்தைக் கடந்து உள்ளே வந்ததில்லை. வேட்டைக்குப் போயிற்று, படலையைக் காத்தது, எஞ்சிய சோற்றை உண்டு திண்ணையோரத்தில் படுத்துக்கொண்டது. நடுவீட்டில் நாய் என்பது பழமொழிக்காரருக்கு நகைப்புக்குரிய ஒரு கற்பனை. இன்று அந்தக் கற்பனை நமது நகரங்களில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. அப்படி நடுவீட்டுக்கு வந்த நாய்களுள் உலகின் பல நாடுகளில் முன்வரிசையில் நிற்பது லப்ரடோர். ஆகவே, பழமொழியை இன்னொரு முறை விசாரித்துப் பார்ப்பது தகும். நாயின் பிறவிக் குணம் என்கிறோமே, அந்தக் குணத்தை அதற்குக் கொடுத்தவர் யார்?

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்று விட்டுச்சென்ற லப்ரடோர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. மூன்று வயது, வெளிர்மஞ்சள் நிறம், பெயர் ரோசி. வந்த முதல் வாரத்திலேயே அவளுடைய மூன்று வழக்கங்கள் வீட்டாரின் பொறுமையைச் சோதித்தன. விறாந்தையில் கழற்றிவைத்த சப்பாத்தை வாயிற் கௌவிக்கொண்டு வீடெங்கும் திரிவாள். கிழிக்கமாட்டாள், கீழே வைக்கவும் மாட்டாள். கிணற்றடியில் வாளியைக் கண்டால் முன்னங்கால் இரண்டையும் அதற்குள் இறக்கித் தண்ணீரை அளைவாள். சாப்பாட்டுக் கோப்பையை அரை நிமிடத்தில் வழித்து முடித்துவிட்டு, ஏழு நாள் பட்டினி கிடந்தவள்போல மறுபடியும் வந்து நிற்பாள். குறும்பு என்றார் ஒருவர். முன்பு வளர்த்தவர்கள் கொடுத்த செல்லம் என்றார் இன்னொருவர். வரலாறு படிக்கும் வழக்கமுள்ள எனக்கோ அந்த வாயும், அந்தத் தண்ணீரும், அந்தப் பசியும் மூன்று பழைய ஆவணங்களாகவே தோன்றின. அவற்றை வாசிக்க வேண்டுமானால் வட அத்திலாந்திக் கடலுக்குப் போகவேண்டும்.

லப்ரடோர் என்ற பெயரே ஒரு பிழைப்பெயர். லப்ரடோர் என்பது கனடாவின் கிழக்கு அந்தத்திலுள்ள ஒரு பெருநிலப்பகுதி. இந்த நாயின் தாயகம் அதற்குத் தெற்கே கிடக்கும் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு. 1497இல் ஜோன் கபட் என்ற மாலுமி அக்கடற்பரப்பை அடைந்து, அங்கே கொட் மீன் மலிந்திருக்கும் செய்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு, ஐரோப்பிய மீனவர்கள் ஆண்டுதோறும் அங்கே செல்லலாயினர். இங்கிலாந்தின் டெவன், டோர்செற் மாவட்டங்களிலிருந்து வசந்தத்தில் புறப்பட்டு, கோடை முழுவதும் மீன்பிடித்து, உப்பிட்டுக் கருவாடாக்கி, பனிக்காலத்துக்கு முன் திரும்புவார்கள். காலப்போக்கில் சிலர் அங்கேயே குடியேறினர். தீவின் பழங்குடிகளான பியோதுக் மக்கள் நாய் வளர்த்தமைக்குத் தக்க சான்றில்லை. ஆகவே கப்பல்களில் வந்த பலவகை நாய்கள் அங்கே கலந்து, கடற்றொழிலுக்கேற்பத் தெரிந்தெடுக்கப்பட்டு, ஒரு புதிய இனமாயின என்பதே பொருத்தமான முடிவு. சென் ஜோன்ஸ் என்றால் நம்மவருக்கு யாழ்ப்பாணத்துக் கல்லூரி நினைவுக்கு வரும். அங்கே அது தீவின் தலைநகரும் துறைமுகமுமாகும். அந்தத் துறைமுகத்தின் பெயரால் இந்த நாய் சென் ஜோன்ஸ் நாய் என அழைக்கப்பட்டது.

அந்த நாய் செய்த வேலை எளியதன்று. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பாய்ந்து பிடிப்பது, வலையின் கயிற்றை வாயிற் கௌவிக் கரைக்கு இழுத்து வருவது, கடலில் விழுந்த பொருளை மீட்டெடுப்பது ஆகியவை அதன் கடமைகள். இவற்றுக்கு நீண்ட சடைமயிர் உதவாது. அதிற் பனிக்கட்டி படிந்துவிடும். எனவே, நீர் ஒட்டாத குறுமயிரும் அதற்கடியில் கம்பளிபோன்ற உள்மயிரும் கொண்ட நாய்களே நிலைத்தன. விரல்களுக்கிடையே சவ்வு, நீந்தும்போது சுக்கானாக உதவும், நீர்நாயின் வாலை ஒத்த தடித்த வால், பிடித்த பொருளைச் சிதைக்காத மென்மையான வாய். மீனைக் கடித்துக் குதறும் நாயை வைத்து மீனவன் என்ன செய்வான்? இப்படிப் பார்த்தால், சப்பாத்தைக் கிழிக்காமல் வாயிலேந்தி நிற்பது குறும்பன்று. பல தலைமுறை மீனவர்கள் பொறுக்கியெடுத்த தொழிற்றிறன், ஏந்த மீனில்லாத வீட்டிலே சப்பாத்தை ஏந்துகிறது.

இந்த நாய் இங்கிலாந்துக்குப் போனது கருவாட்டுக் கப்பலில். டோர்செற் கரையிலுள்ள பூல் துறைமுகத்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே நெருங்கிய வாணிகம் இருந்தது. கரையிறங்கிய மாலுமிகளோடு வந்த நாய்கள் அங்குள்ள வேட்டைப் பிரியர்களின் கண்ணிற்பட்டன. கேர்ணல் பீற்றர் ஹோக்கர் என்ற வேட்டைக்காரர், 1814இல் முதன்முதல் வெளிவந்து பின்னர் பல பதிப்புகள் கண்ட தமது வேட்டைக் கைந்நூலிலே சென் ஜோன்ஸ் நாயின் ஓட்டத்தையும் நீச்சலையும் மோப்பத்தையும் வியந்து எழுதினார். பூலுக்கு அருகே வசித்த மம்ஸ்பரி பிரபுக்கள் சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டைக்கென இந்நாய்களை வரவழைத்தனர். அவர்களுள் மூன்றாம் பிரபு பிரித்தானியாவின் வெளிநாட்டமைச்சராக இருமுறை பதவி வகித்தவர். தம்மிடமிருந்த நாய்களை லப்ரடோர் நாய்கள் என்றே தாங்கள் அழைத்து வந்ததாக அவர் எழுதிய கடிதம், அந்தப் பிழைப்பெயர் நிலைபெற்றமைக்குச் சான்றாகும். 1880களில் அவர் ஸ்கொட்லாந்திலுள்ள பக்ளூ டியூக் குடும்பத்துக்கு வழங்கிய நெட், ஏவன் என்னும் நாய்கள் இன்றைய லப்ரடோர் குலத்தின் மூதாதையராகக் கருதப்படுகின்றன. மீனை மீட்ட வாய், இப்போது சுடப்பட்ட பறவையைச் சிதைக்காமல் எடுத்து வந்து எசமானின் கையிற் கொடுத்தது. ஏழையின் கூட்டாளியாக இருந்த நாய், பிரபுவின் பணியாளாயிற்று.

அங்கே புகழ் பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, பிறந்த மண்ணில் அதன் நிலை சரியலாயிற்று. 1780இலேயே நியூபவுண்ட்லாந்தின் ஆளுநர் ரிச்சட் எட்வட்ஸ் நாய் வளர்ப்பைக் கட்டுப்படுத்தக் கட்டளையிட்டிருந்தார். 1885இல் ஆடுகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்து, நாய்களைத் தடைசெய்யும் வாய்ப்பை மாவட்டங்களுக்குக் கொடுத்தது. 1890களின் இறுதியில், விசர்நாய் நோயைத் துடைத்தெறியும் நோக்கத்தோடு பிரித்தானியா வெளிநாட்டு நாய்களுக்கு நீண்ட தடுத்துவைப்பை விதித்தபோது, புதிய நாய்களின் வரவு ஏறத்தாழ நின்றுபோயிற்று. கடலுக்கு இருபுறமும் உறவு அறுந்தது. இங்கிலாந்தில் இருந்தவை தனிக் குலமாக வளர்ந்தன. 1899இல் டோர்செற்றிலே மஞ்சள் நிறத்தில் பென் என்றொரு குட்டி பிறந்தது. கறுப்பே உயர்வென்றிருந்த காலத்தில் அந்நிறத்தைப் போற்றி வளர்த்தமையால், பென் மஞ்சள் லப்ரடோர்களின் முன்னோன் ஆயிற்று. 1903இல் இங்கிலாந்தின் நாய்ச் சங்கமான கெனல் கிளப் லப்ரடோரைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. 1916இல் லப்ரடோருக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது.

இனி, பழக்கும் கலைக்கு வருவோம். வேட்டை நாயைப் பழக்குவதற்கு ஆங்கிலேயர் அக்காலத்தில் வழங்கிய சொல் 'உடைத்தல்' என்று பொருள்படுவது. நாயின் மனத்தை முறித்தாற்றான் அது பணியும் என்ற நம்பிக்கை அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது. இராணுவ அதிகாரியான ஹட்சின்சன் 1848இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் அச்சொல்லே இருந்தது. ஆயினும், நூலின் உள்ளே அவர் வேண்டியது சவுக்கைக் குறைத்துப் பொறுமையையும் பரிசையும் கூட்டவேண்டும் என்பதே. பழைய சொல்லுக்குள் புதிய கருத்து முளைவிட்டிருந்தது. 1910இல் ஜேர்மனியின் கொன்ராட் மோஸ்ற் பொலிஸ் நாய்ப் பயிற்சியை முறைப்படுத்தி எழுதிய நூலோ கட்டாயத்துக்கே பெரிதும் இடமளித்தது. அடுத்து வந்த உலகப் போர்கள் இராணுவ முறையைப் பரப்பின. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதும், அதட்டுவதும் போர்முனையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்தப் பின்னணியில் ஒரு நாயின் கதையைச் சொல்லவேண்டும். ரோசி வந்த இரண்டாம் வாரத்தில், அவளை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. அன்றிரவு நான் வீட்டாருக்குச் சொன்னதும் இந்தக் கதையைத்தான். 1915இல் பிறந்த ஓர் ஆண் லப்ரடோர், பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இடங்களிலெல்லாம் அடங்காதது என்று முத்திரை குத்தப்பட்டது. வைத்திருப்பதற்கே தகுதியற்றது என்று கருதப்பட்ட அந்த நாயை 1918இல் ஒரு பெண்மணி ஏற்றுக்கொண்டார். லப்ரடோர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரும், பின்னாளில் ஹௌ சீமாட்டி எனப் புகழ்பெற்றவருமான லோர்னா அவர். தமக்கு மிக அருமையாக இருந்து மறைந்த நாயொன்றின் மகன் இது என்பதே அவர் அதனைத் தேடியதற்குக் காரணம். வன்மையால் பழுதான நாயை வன்மையால் திருத்த அவர் முயலவில்லை. முதலில் அதன் அச்சத்தைப் போக்கினார், நம்பிக்கையைப் பெற்றார், கட்டளைகள் அதன் பின்னரே வந்தன. பன்கொரி போலோ என்று அவர் பெயரிட்ட அந்த நாய், வேட்டைக் களத்திலும் அழகுக் கண்காட்சியிலும் ஒருசேர வெற்றிவாகை சூடிய முதலாவது லப்ரடோராக வரலாற்றில் இடம்பெற்றது. நாய் அதே நாய்தான். பிறவியும் அதே பிறவிதான். மாறியது அதனை வைத்திருந்த கை.

சீமாட்டி அனுபவத்தால் கண்டதை அறிவியல் பின்னர் ஆய்வுகூடத்திற் கண்டது. மணியோசைக்கு நாயின் வாயூறுவதைப் பற்றிய ருஷ்ய அறிஞர் பவ்லோவின் ஆய்வுகளை நமது ஆசிரியர் கலாசாலை மாணவர்கள் நன்கறிவர். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஒரு செயலின் விளைவு இனிதாயின் அச்செயல் மீண்டும் நிகழும் என்பதை விளக்கி, விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று 1951இல் பொதுமக்களுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய மாணவர்களான கெலர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களிலேயே இம்முறையைத் தொழிலாக்கி, பலவகை விலங்குகளைப் பழக்கிக் காட்டியிருந்தனர். ஹவாயில் டொல்பின்களைப் பழக்கிய கேரன் பிறயர், நீந்தி அகன்றுவிடக்கூடிய ஒரு பிராணியைச் சங்கிலியாலும் சவுக்காலும் பழக்க முடியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். அந்த அறிவை 1984இல் வெளிவந்த தமது நூலின் மூலம் அவர் நாய் வளர்ப்போரிடம் கொண்டுசேர்த்தார்.

ஓநாய்க் கூட்டத்துக்கு ஓர் அரசன் இருப்பதுபோல, வீட்டுத் தலைவன் நாயை அடக்கியாள வேண்டும் என்றொரு கொள்கை நெடுநாள் உலவியது. 1947இல் ருடொல்வ் ஷெங்கல் என்ற அறிஞர் கூண்டில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை வைத்து எழுதிய ஆய்விலே அதன் வேர் இருந்தது. அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970இல் எழுதிய நூல் அதனைப் பரப்பிற்று. ஆனால், அதே மீச் காட்டிலே ஓநாய்களை நீண்டகாலம் அவதானித்து, இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதித் தமது முந்திய கருத்தைத் திருத்தினார். அறிஞருக்கு அழகு அதுதான். ஆயினும், அரசன் என்ற கதைக்கு இருந்த செல்வாக்குக் குடும்பம் என்ற உண்மைக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

இந்த வரலாறு ஒரு வீட்டில் எப்படிப் பயன்படும் என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வுரை முழுமை பெறாது. புதிதாக வரும் நாய்க்கு முதலில் வேண்டியது கட்டளையன்று, அமைதியான ஒரு மூலை. அயலவர் எல்லோரும் வந்து தடவிப் பார்க்கும் திருவிழா முதல் நாட்களுக்கு ஆகாது. குட்டியாயின், மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது என்பதை ஸ்கொட், புல்லர் என்னும் இருவரின் நீண்டகால ஆய்வு 1965இல் எடுத்துக்காட்டியது. அக்காலத்தில் மனிதரையும் ஓசைகளையும் அச்சமின்றிப் பழகிய குட்டி, பிற்காலத்தில் எளிதில் மிரளாது. வளர்ந்த நாயாயின், அதன் முந்திய வீடு அதற்குள்ளே இன்னும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. ரோசி பல நாட்கள் மாலையில் படலையடியிற் போய் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் இழுத்து வரவில்லை. அருகே போய் நாமும் சற்று நேரம் உட்கார்ந்தோம். பின்னர் தானாகவே எழுந்து உள்ளே வந்தாள்.

வாயின் இயல்பைத் தடுப்பதைவிட அதற்கு வேலை கொடுப்பதே மேல். சப்பாத்தை வாயிலிருந்து பறித்தால் அது இழுபறி விளையாட்டாகிவிடும். துரத்தினால் ஓட்டப் பந்தயமாகிவிடும். கயிற்று முடிச்சொன்றைக் கொடுத்து, அதனைக் கையில் கொண்டுவந்து தரும்போது ஒரு துண்டு இறைச்சியைப் பரிசாகக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் காலைப் பத்திரிகையை அவளே படலையிலிருந்து கொண்டுவரத் தொடங்கினாள். பயிற்சி ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளில் மூன்று தடவை செய்யலாம். வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிப்பது அவசியம். ஒருவர் 'வா' என்றும், இன்னொருவர் 'கம்' என்றும், மற்றொருவர் 'இஞ்சை வாடி' என்றும் அழைத்தால் நாய் எந்த மொழியைத்தான் கற்கும்? வந்த நாயை ஏன் பிந்தி வந்தாய் என்று அடித்தால், வந்தமைக்கே அடி விழுந்ததாக அது விளங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது பழைய கொடுமை. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் முடித்ததும் பாராட்டினாற் போதும். சிறுபிள்ளைகளுக்கும் ஒரு பாடமுண்டு. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக்கூடாது என்பது அது.

மூன்றாவது ஆவணம் பசி. இதுவே எல்லாவற்றிலும் வியப்பானது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லப்ரடோர்களுள் ஏறத்தாழ நான்கிலொன்றில் ஒரு மரபணுவின் சிறுபகுதி இல்லாதிருப்பதைக் கண்டறிந்தனர். போதுமென்ற உணர்வை மூளைக்குத் தெரிவிக்கும் வழியில் அது குறையை உண்டாக்குகிறது. 2024இல் வெளிவந்த தொடராய்வு, இத்தகைய நாய்கள் உணவு வேளைகளுக்கிடையில் கூடுதலாகப் பசிப்பதோடு, ஓய்வு நேரத்தில் ஏறத்தாழ 25 வீதம் குறைவான சக்தியையே செலவிடுவதாகவும் காட்டியது. பசி கூடுதல்; செலவு குறைவு. கொழுப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உறைகுளிர்க் கடலில் உழைத்து, கிடைத்த மீன் கழிவை உண்டு வாழ்ந்த முன்னோருக்கு இந்தக் குறையே அரணாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் ஊகம். இன்னொரு செய்தியையும் அவர்கள் கண்டனர். உடற்குறையுள்ளோருக்கு உதவவென வளர்க்கப்பட்ட லப்ரடோர்களை அவர்கள் சோதித்தபோது, நான்கில் மூன்றில் இந்த மரபணுக் குறை காணப்பட்டது. உணவுப் பரிசுக்காக ஆவலோடு கற்கும் நாய்களே அப்பணிக்குத் தெரிவாகியிருக்கலாம். எந்தப் பசி அதனை நோயாளியாக்கக்கூடுமோ, அந்தப் பசியே அதனைச் சிறந்த மாணவனாகவும் ஆக்குகிறது.

எனவே லப்ரடோரின் பசி வளர்ப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. சோறு போடுவதே அன்பு என்று எண்ணி வாழும் சமூகம் நமது. இரங்கும் கண்களோடு ஒரு நாய் வந்து நின்றால் பாட்டிமாரின் கை தானாகவே கோப்பைக்குப் போகும். ஆனால், பியூரினா நிறுவனம் 48 லப்ரடோர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, கால்பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன என்று காட்டியது. மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகளையும் அன்றைய உணவின் கணக்கிலிருந்தே கழிக்கவேண்டும். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரியவேண்டும். வெங்காயம் கலந்த கறி, சொக்கலேட், உலர்ந்த திராட்சை, சமைத்த எலும்பு ஆகியன விலக்கத்தக்கவை.

தண்ணீரை நேசிக்கும் இயல்புக்கு நம் நாட்டில் குறைவில்லாமல் இடமுண்டு. ஆனால், குளிர்க் கடலுக்கென அமைந்த இரட்டை மயிர்ப்போர்வை நமது வெயிலைத் தாங்காது. நடையை விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். தார் வீதியில் புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும் என்று அறியவேண்டும். குளித்தபின் தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் சீழ் பிடிக்கும். உண்ணியை நாள்தோறும் தேடவேண்டும். இடுப்பு மூட்டு வழுவுவது இவ்வினத்தின் பரம்பரை வியாதிகளுள் ஒன்றாதலால், குட்டியைத் தெரியும்போதே தாய் தந்தையின் மூட்டுநிலையை விசாரிப்பது நன்று. இலங்கையில் விசர்நாய் நோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1893இலேயே இயற்றப்பட்டது. அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், மிருக வைத்தியரிடம் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிப்பதே வீட்டுக்கும் அயலுக்கும் நாம் செய்யக்கூடிய முதற்காவலாக இருக்கிறது.

அமெரிக்க நாய்ச் சங்கத்தின் பதிவுகளில் 1991 முதல் 2021 வரை முப்பத்தோராண்டுகள் லப்ரடோரே முதலிடம் வகித்தது. 2022இற்றான் வேறோரினம் அதனை முந்தியது. இந்தப் பெருமைக்கு மறுபக்கமும் உண்டு. விளம்பரத்தில் கண்ட சாந்தமான முகத்தை நம்பி வாங்கி, உழைப்புக்காக உருவான உடலுக்கு ஓட்டமும் வேலையும் கொடுக்காமல் சங்கிலியிற் கட்டி, அது குரைத்துக் கடித்து அழிக்கத் தொடங்கியதும் பிறவிக் குணம் என்று கைவிடுவோர் எந்த நாட்டிலும் உண்டு. கைவிடப்பட்ட நாய் புதிதாக ஒரு வீட்டுக்கு வரும்போது, முந்திய மனிதர்களின் செயல்களையும் சேர்த்தே சுமந்து வருகிறது. அதைப் பொறுமையாக வாசிக்கும் வீடு கிடைத்தால் அது போலோ ஆகிறது. கிடைக்காவிட்டால் அதற்கு ஒரு பெயர்கூட எஞ்சுவதில்லை.

லப்ரடோரின் தாயினமாகிய சென் ஜோன்ஸ் நாய்க்கு நேர்ந்தது அதுதான். 1980களின் தொடக்கத்தில், நியூபவுண்ட்லாந்தின் தென்கரையிலே தரைவழிப் பாதையற்ற கிராண்ட் புரூட் என்னும் மீனவக் கிராமத்தில் அவ்வினத்தின் கடைசி நாய்கள் இரண்டு காணப்பட்டன. இரண்டும் முதியவை, இரண்டும் ஆண். குலம் தொடர வழியில்லை. 1992இல் கொட் மீன்வளம் அற்றுப்போனதால் கனடிய அரசு அம்மீன்பிடிக்குத் தடைவிதித்தது. 2010இல் கிராண்ட் புரூட்டில் எஞ்சியிருந்த குடிகளும் ஊரைவிட்டு வெளியேறினர். மீனும் போய், நாயும் போய், ஊரும் போயிற்று. கடல்கடந்து அந்நியர் வீட்டுக்குப் போன பிள்ளைகளே இன்று அக்குலத்தின் பெயர்சொல்ல உலகெங்கும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் வாயிலே அந்தக் கரையின் தொழிலும், வயிற்றிலே அந்தக் கரையின் வறுமையும் இன்னும் இருக்கின்றன.

பழமொழியைப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. நடுவீட்டில் வைத்தாலும் நாயின் குணம் போகாது என்பது மெய்தான். போகத்தான் ஏன் வேண்டும்? அக்குணத்தை மனிதர்களே தங்கள் தேவைக்காகப் பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். தேவை முடிந்தபின் அதனைக் குற்றமென்று சொல்லிப் படலைக்கு வெளியே தள்ளுவது நன்றியன்று. நன்றியைப் பற்றி நாய்க்குப் பாடம் சொல்லவேண்டிய அவசியம் ஒருபோதும் ஏற்பட்டதில்லை. அதனை நடுவீட்டுக்கு அழைத்தவர்களே அப்பாடத்தைக் கற்கவேண்டியவர்கள்.